கணியூரில் கை நனைத்த கதை

அன்புக் கண்ணு,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். உன் அம்மா நம்பவில்லை. உன் பெரியப்பா பாதி நம்பினார், அதுவும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும். என்னோடு சைக்கிளில் வந்தவர்களோ, தாங்கள் கண்ணால் பார்த்ததையே நான் சொல்லக் கேட்ட பிறகு நம்புவதை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அனுப்பர்பாளையத்துப் பனியன் உலகின் முடிசூடா மன்னனும், நான்கு நாள் சைக்கிள் படையெடுப்பில் தன் இரண்டு முட்டிகளையும் நாட்டுக்கு அர்ப்பணித்தவனுமாகிய உன் அப்பன், நம் கம்பெனித் தையல் மெஷின்கள் அத்தனையின் மீதும் சத்தியம் செய்து சொல்கிறேன்: இது போன்ற ஒரு கதையை இந்தக் கொங்கு மண் இதுவரை கேட்டதில்லை, இனிக் கேட்டாலும் நம்பப்போவதில்லை.

நேற்று நீ பெங்களூரிலிருந்து போனில் கேட்டாய். "அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தெரிஞ்சு சாப்ட்டீங்களா, தெரியாம சாப்ட்டீங்களா?" சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்கிற விஷயமா அது? உன் கல்யாணம் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அருளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. தெற்கத்திக்காரர்கள், பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்து இப்போது கணியூரில் குடியிருக்கும் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று உன் பெரியப்பா விரல் மடக்கி அடுக்கினார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாராவது பேச்சை எடுத்தால் ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விடப் போய்விடுவேன். இந்த ஒரு வருடத்தில் திருப்பூரிலேயே அதிக எண்ணெய் குடித்த மெஷின்கள் நம்முடையவைதான்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். சம்பந்தம் பேசப் போன வீட்டில் உட்காரலாம், பேசலாம், தோட்டம் துரவைச் சுற்றிப் பார்க்கலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். ஆனால் மனசு ஒப்பாமல் இலையில் உட்கார்ந்து கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம். உன் அம்மாவைப் பார்க்கப் போன அன்றைக்கு எங்கள் அப்பா, "ஊட்டுக்குப் போயி உண்டுக்கலாம், அங்க ஒரு பருக்கை தொடக்கூடாது" என்று வண்டியிலேயே சொல்லித்தான் கூட்டிப்போனார். பசியில் எனக்கு உலகம் இரண்டாகத் தெரிந்தது. உன் அம்மாவும் இரண்டாகத் தெரிந்தாள், இரண்டும் நன்றாக இருந்தன. பெரியவர்கள் தோட்டத்துக் கிணற்றைப் பார்க்கப் போன நேரத்தில் நான் பின்பக்கமாகப் போய், வாழைத்தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டேன். பாதிப் பழத்தில் உன் பெரியப்பா பார்த்துவிட்டார். அங்கேயே நின்று தீர்ப்புச் சொன்னார்: "கை நனைச்சாச்சு. இனிப் பேச்சில்லை." நீ இந்தப் பூமிக்கு வந்த காரணம் அந்தப் பூவன்பழம். உன் அம்மாவிடம் கேட்டால் பழம் தின்னும்படி ஜன்னல் வழியாகச் சைகை காட்டியதே தான்தான் என்பாள். அவள் சொல்வதையும் நம்பாதே.

சரி, சைக்கிள். நம் தெருமுனையில் மருந்துக் கடை வைத்திருக்கும் செந்தில், வருடா வருடம் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றுவான். திருப்பூரில் கிளம்பி, தாராபுரம் போய், கணியூர் வழியாக அமராவதி நகர் அணையைப் பார்த்துவிட்டு, உடுமலை சுற்றித் திரும்புவது இந்த வருடத்துத் திட்டம். அதை அவன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். நான் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தேன். பிறகு என் உடல்நலத்தைப் பற்றி எனக்குத் திடீரென்று பெரும் கவலை வந்துவிட்டது.

"ஏனுங்க, பால் வாங்கப் போறதுக்கே வண்டி எடுக்கறவிய, நாலு நாளு சைக்கிள் மிதிக்கப் போறீங்களாக்கும்?" என்றாள் உன் அம்மா.

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"செந்திலு."

"அவன் மருந்துக் கடைக்காரனுங்க." அவள் போனை வாங்கிப் பார்த்தாள். "வழியில கணியூர் வருதாட்ட இருக்குது?"

"அப்படியா? நான் பாக்கலியே."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். என் பையில் நல்ல வேட்டி ஒன்றை மடித்து வைத்தாள். சைக்கிளுக்கு வேட்டி எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

இந்தக் கூட்டத்துக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவன் நான். மற்ற ஊர்க்காரர்கள் சைக்கிள் ஓட்ட வழுவழுவென்று பாலியஸ்டர் போடுவார்கள். காட்டன் பனியனில் பிறந்து, காட்டன் பனியனில் வளர்ந்து, காட்டன் பனியனால் உன்னைப் படிக்க வைத்த நான் பாலியஸ்டரைத் தொடுவதா? சுத்தமான பருத்தி நூலில், ஏற்றுமதித் தரத்தில், எல்லோருக்கும் தைத்தேன். உனக்கு நினைவிருக்கும், காலேஜ் லீவில் நீயும் நம் கம்பெனியில், அடி மடிப்புத் தைக்கும் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்து கொஞ்ச நாள் தைத்தாய். கடுகு மஞ்சளில் ஒரு டீசர்ட் சாம்பிள், கலரும் நீ எடுத்ததுதான். அடி மடிப்பில் உன் தையல் நேராக வந்து வந்து, பக்கத் தையலைத் தொடும் இடத்தில் மட்டும் டாஸ்மாக்கைப் பார்த்தது போல ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "இது டிசைன்ப்பா" என்றாய். சரக்கு வாங்கும் பையர் அந்தக் கலரையே வேண்டாம் என்றார். அந்தச் சாம்பிளை நீ எடுத்துக்கொண்டு போனாய். உன்னை அன்றைக்கு எப்படியெல்லாம் கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டல் இந்தப் பயணத்தில் எனக்கே திரும்பி வந்தது. என் பருத்திச் சட்டைகள் வியர்வையைக் குடிக்கக் குடிக்கக் கனத்து, கீழே இறங்க ஆரம்பித்தன. முதல் நாள் தொடை வரை. இரண்டாம் நாள் முட்டியைத் தாண்டி. எல்லோரும் நைட்டி போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. தாராபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது கடைக்காரர் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார், "ஏனுங்க, இது ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

அந்த இரண்டாம் நாள்தான் கதை நடக்கும் நாள். காலையிலேயே காற்று எதிரே வந்து நின்றுகொண்டது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய், அதன் முகத்துக்கு நேராக நீ சைக்கிள் மிதித்ததில்லை. நான் ஒரு காற்றாலையைக் கஷ்டப்பட்டுத் தாண்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்தக் காற்றாலை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்து "செந்திலு" என்று கூப்பிட்டால் அந்தச் சத்தம் நேராகக் கரூரில் போய் விழுந்தது. அங்கே எத்தனை செந்தில்கள் திரும்பிப் பார்த்தார்களோ தெரியாது. ரோட்டோரம் மேய்ந்த ஓர் ஆடு பறந்து வந்து என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, அடுத்த ஊர் வரை வந்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனது.

அந்தக் காற்றில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன், அதை உனக்குச் சொல்ல வேண்டும். கூட்டமாக மிதிக்கிறவர்கள் எதிர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போவார்கள். முன்னால் போகிறவர் காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்குவார், பின்னால் வருகிறவருக்குப் பாதிப் பாடுதான். கொஞ்ச தூரம் போனதும் முன்னவர் விலகிக் கடைசிக்கு வந்துவிடுவார், அடுத்தவர் முன்னால் போவார். இதில் யாரும் வாய்விட்டு, எனக்கு முடியவில்லை என்று கேட்பதில்லை. பின்னால் இருக்கிறவர் முன்னவரின் தோளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். தோள் லேசாகத் தொங்கியதும் தானே முன்னால் ஏறிவிட வேண்டும். குடும்பத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உன் அம்மா எத்தனையோ வருடம் என் தோளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் முதுகுக்குப் பின்னால் சுகமாக வந்த காலம்தான் அதிகம். என் முறை வந்தபோதுகூடச் செந்தில்தான், "அண்ணா, நீங்க பின்னாலயே வாங்க, உங்க சட்டை ஒண்ணே போதும், பாய்மரமாட்ட நம்மளைப் பின்னால இழுத்துட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டான்.

கணியூருக்குள் நுழைவதற்கு முன்பு நான் செந்திலைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ராஜ ரகசியம் சொன்னேன். இந்த ஊரில் நான் பனியன் கம்பெனிக்காரன் இல்லை. அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பாத்திர வியாபாரி. குடம், அண்டா, குத்துவிளக்கு. அவன் ஏன் என்று கேட்கவில்லை. மருந்துக் கடை நடத்துகிறவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். என் திட்டம் மிக எளிமையானது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீக்கடையில் உட்கார்ந்து அருளின் குடும்பத்தைப் பற்றி நாசூக்காக விசாரிப்பது. வீட்டைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல், பொட்டாட்டக் கிளம்பிவிடுவது. எப்படிப்பட்டவர்கள்? சத்தம் போட்டுப் பேசுவார்களா? வாசலில் செடி வைத்திருக்கிறார்களா? ஒரு வருடமாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்விகள் இவைதான், கண்ணு. ஜாதகம், சாதி, சர்ச் எல்லாம் உன் பெரியப்பாவின் துறை. எனக்கு வேண்டியது, நீ எந்த மாதிரி வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையப்போகிறாய் என்பது.

ஆனால் டீக்கடையில் நிறுத்த விடவில்லை செந்தில். "சோறு சொல்லியிருக்கறேனுங்ணா, ஆறிப் போயிரும்" என்று ஒரு தென்னந்தோப்பு ஓரம் இருந்த வீட்டுக்கு எங்களை ஓட்டிக்கொண்டு போனான். ஆர்டர் சொன்னால் அந்த வீட்டு அம்மா சமைத்துப் போடுவாராம். வாசலில் செடிகள் இருந்தன. பெயின்ட் டப்பாக்களில் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் மேலே துணி காயப்போட்ட கொடி. நான் கை கழுவக் குனிந்தபோது, காற்றில் ஈரத்துணி ஒன்று பளீரென்று என் முகத்தில் அறைந்தது. எப்பேர்ப்பட்ட அறை தெரியுமா? மூன்று ஜென்மத்துப் பாவம் அங்கேயே கழன்று விழுந்தது, குழாய்த் தண்ணீரோடு ஓடியும் போய்விட்டது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். "அண்ணா, கை கழுவறீங்களா, குளிக்கறீங்களா?" என்று உள்ளேயிருந்து செந்தில் சத்தம் போட்டான்.

கூடத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. சோறு, அமராவதி அணை மீன் குழம்பு, தேங்காய் அரைத்த கூட்டு. நான் பசியில் கையை இலைக்கு மேலே கொண்டுபோனேன். அப்போது அந்த அம்மா, "ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்று கண்ணை மூடினார். என் கை நடுவானத்தில் நின்றது. விமானம் இறங்க அனுமதி கிடைக்காமல் வட்டமடிப்பது போல விரல்கள் இலைக்கு மேல் சுற்றின. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் ஒரு கண்ணால் மீனையும் இன்னொரு கண்ணால் அந்த அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆகாரத்துக்கு நன்றி சொன்னார், வெயிலில் வந்தவர்களுக்காகக் கேட்டுக்கொண்டார், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்டுக்கு இன்னும் வராதவங்களையும் கொண்டுவந்து சேர்த்தருளும் ஆண்டவரே" என்றார். ஆமென். என் கை இறங்கியது.

குழம்பைப் பற்றி எழுத ஆசைதான், ஆனால் உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும், ஆகவே விட்டுவிடுகிறேன். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கு என் மேல் பிரியம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"அனுப்பர்பாளையமுங்க. பாத்திர வியாபாரம்."

"அனுப்பர்பாளையமா? எங்க மூத்தவன் ஒரு பிள்ளையக் கட்டணும்னு நிக்கான், அந்தப் பிள்ளையும் அந்த ஊருதான். பெங்களூர்ல ரெண்டு பேருக்கும் வேலை."

"பையன் எப்படிங்க?"

"சுத்தச் சோம்பேறி. போன வாரம் வந்தான், அழுக்குத் துணி அம்புட்டையும் போட்டுட்டுப் போயிட்டான், இன்னைக்குத்தான் துவைச்சுப் போட்டேன். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டான்." ரசத்தை ஊற்றினார். "அந்தப் பிள்ளையோட அப்பாதான் பிடி குடுக்க மாட்டங்காவ. நல்ல மனுசன்தானாம். வாயைத் தொறந்தா மட்டும் புளுகு மூட்டையாம்."

செந்திலுக்குப் புரை ஏறியது. நான் மிகுந்த கம்பீரத்தோடு, "அந்த மாதிரி ஆளுங்க எங்க ஊர்ல நெம்பக் கம்மிங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய வீட்டுக்காரர், சாமுவேல் அண்ணாச்சி, மோர்ச் சொம்போடு என் இலைக்கு முன்னால் குனிந்தார். அவர் போட்டிருந்த டீசர்ட் என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. இப்போது நான் சொல்வதை நம் ஊரைத் தவிர வேறெங்கும் நம்ப மாட்டார்கள். வலது கையில் சோறு. இடது கை என்னைக் கேட்காமலே போய், அந்தச் சட்டையின் அடி மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உரசிப் பார்த்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனாலும், துக்க வீட்டில் கட்டிப்பிடித்து அழுதாலும், நம்மாட்களின் விரல்கள் துணியின் கனத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

அவர் குனிந்தபடியே நின்றார். "பாத்திரக் கடைன்னுல்லா சொன்னீங்க?"

"ஆமாங்க."

"பாத்திரக் கடைக்காரவ துணியை இப்படியா பிடிப்பாவ?" சொம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். என் சட்டையின் நுனியை, அது பாயில் அவர் பக்கம் வரை நீண்டு கிடந்தது, எடுத்து அதே இரண்டு விரலால் உரசினார். "நல்ல நூலு. ஆனா தைக்கதுக்கு முன்னால துணியை மெஷின்ல சரியா அமுக்கி எடுக்கல. அதான் இப்படித் தொங்குது. பதினஞ்சு வருசம் திருப்பூர்ல கட்டிங் டேபிள்ல நின்னவன் நான், எங்கிட்டயா?" பிறகு என் முகத்தையே பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி, உங்க பிள்ள பேரு என்ன?"

உன் பெயரைச் சொன்னேன்.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "எம்மாடி! உங்களப் பத்தி உங்ககிட்டயேவா சொன்னேன்!" என்று உள்ளே ஓடினார். நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன், எழுந்தால் என் சட்டையையே மிதித்து விழுவேன். திரும்பி வந்தவரின் கையில் பெரிய மீன் தலை. "அப்படின்னா இது உங்களுக்குத்தான்" என்று இலையில் வைத்தார். மீன் தலை என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். இருவரில் யார் வலையில் சிக்கியது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அதன் பிறகு நான் அமராவதி நகர் வரை மிதித்தேனா, இல்லை அந்தக் காற்றே மனசு மாறித் தூக்கிக்கொண்டு போனதா, சொல்லத் தெரியவில்லை. அணையில் ஒரு முதலை தண்ணீரை விட்டு மேலே வந்து, என் சட்டையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக வழிவிட்டது. வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும், யார் வீடென்றே தெரியாமல் கை நனைத்துவிட்டேன் என்று கதையை முடித்தேன். உன் பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டே, பூவன்பழத்துக்குச் சொன்னது போலவே தீர்ப்புச் சொன்னார். "தெரியாம உண்டது சேத்தியில்லடா. ஆரு ஊடுன்னே தெரியாம உண்டுட்டே, அது வழிப்போக்கன் சோறு. தெரிஞ்சு கை நனைச்சிருந்தா நானே முன்னால நின்னு நிச்சயத் தட்டத்தைத் தூக்கிட்டு வருவேன்." உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் எண்ணெய்க் கேனைத் தேடினேன்.

உனக்கு ஒரு புத்திமதி, கண்ணு. அவன் அழுக்குத் துணியை அவனையே துவைக்கச் சொல். முதல் மாதத்திலேயே சொல், பிறகு சொன்னால் ஏறாது. அவன் தோளைப் பார்த்துக்கொண்டே போ, அவன் உன் தோளைப் பார்க்கிறானா என்றும் அடிக்கடி திரும்பிப் பார். அப்புறம், உன் அப்பன் சொல்கிற எதையும் நம்பாதே. ஆடு என் கேரியரில் ஏறவில்லை. காற்றாலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. முதலை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சட்டைகூட முட்டி வரைதான் வந்தது. மூன்று ஜென்மத்துப் பாவமும் பத்திரமாக என்னிடமே இருக்கிறது.

ஆனால் அந்தக் குழாயடியில் ஒரு துணி என் முகத்தில் அடித்தது நிஜம். அது ஒரு டீசர்ட், கடுகு மஞ்சள். என் விரல் தானாகப் போய் அடி மடிப்பைத் திருப்பியது. தையல் நேராக வந்து வந்து, பக்கத் தையலைத் தொடும் இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இந்த உலகத்தில் அப்படித் தைக்கிற கை ஒன்றுதான் உண்டு. அந்தச் சட்டையைக் கொடியில் நன்றாக விரித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டினேன். பிறகு கையை மணிக்கட்டு வரை நன்றாகக் கழுவிக்கொண்டு, உள்ளே போய் இலையில் உட்கார்ந்தேன்.

பெரியப்பாவைத் தட்டம் தேடச் சொல்.

உன் அப்பா